நைல் கரையின் நாலாம் வகை

ஹெபடைட்டிஸ் சி என்கிற ஈரல் வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப்பட்ட ஒருவரின் இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். பெயர், வயது, வைரஸின் அளவு எல்லாவற்றுக்கும் கீழே ஓர் எண் இருக்கும். 1 அல்லது 3 அல்லது 4. பக்கத்தில் ஏ, பி என்று ஓர் எழுத்தும் ஒட்டியிருக்கும். இதை ஜீனோடைப் என்பார்கள், தமிழில் மரபணு வகை. பெரும்பாலான நோயாளிகள் அதைக் கவனிப்பதில்லை, வைத்தியர்களும் மருந்து தெரிவதற்காக மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எனக்கென்றால் அந்தத் தாளில் வாசிக்க வேண்டிய விசயமே அந்த எண்தான். அந்த மனிசன் உலகத்தின் எந்த மூலையில் பிறந்தார், எந்த அரசாங்கம் எந்தக் காலத்தில் அவருக்கு ஊசி போட்டது என்கிற கதை சிலவேளைகளில் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

நான் மருத்துவம் படித்தவன் அல்ல. இந்த எண்ணைப் பற்றி ஏன் தேடித்தேடி வாசித்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் அடிப்படை.

1970களில் இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு வருகிற ஈரல் அழற்சியில் பெரும்பகுதி ஏ வைரஸாலும் வரவில்லை, பி வைரஸாலும் வரவில்லை என்று அமெரிக்காவில் ஹார்வி ஆல்டரும் கூட்டாளிகளும் கண்டார்கள். என்னவென்று தெரியாததால் "ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய பதினைந்து வருடம் அதுதான் பெயர். 1989 இல் கைரோன் நிறுவனத்தில் வேலை செய்த மைக்கல் ஹோட்டன், குயி-லிம் சூ, ஜோர்ஜ் குவோ ஆகியோரும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் டானியல் பிராட்லியும் சேர்ந்து வைரஸை அடையாளம் கண்டபிறகு அது "சி" ஆனது. 2020 இல் ஆல்டர், ஹோட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹோட்டன் 2013 இல் கனடாவின் கெயர்ட்னர் விருதை "சூவையும் குவோவையும் விட்டுவிட்டு நான் மட்டும் வாங்க மாட்டேன்" என்ற காரணத்துக்காக மறுத்தவர். நோபலில் மூன்று பேருக்கு மேல் கொடுக்க மாட்டார்கள், அதை வாங்கிக்கொண்டார். எங்கட ஆட்களாக இருந்தால் முதல் விருதுக்கே பொன்னாடையோடு மேடையில் நின்றிருப்பார்கள், அது வேறு கதை.

வைரஸ் கிடைத்ததும் உலகம் முழுவதும் நோயாளிகளின் இரத்தத்தில் அதன் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒன்றாக இல்லை. ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் இடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வித்தியாசம். இன்றைக்கு எட்டு வகைகளும், அவற்றுக்குள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட உபவகைகளும் கணக்கில் உள்ளன. உலக நோயாளிகளில் ஏறக்குறைய 46 சதவீதம் பேருக்கு முதலாம் வகை, 30 சதவீதம் பேருக்கு மூன்றாம் வகை என்று 2015 இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு சொன்னது. வட அமெரிக்கா, ஐரோப்பா, யப்பான் என்று பணக்கார நாடுகளில் முதலாம் வகை. இந்தியா, பாகிஸ்தான் பக்கம் மூன்றாம் வகை. மேற்கு ஆபிரிக்காவில் இரண்டு, மத்திய ஆபிரிக்காவிலும் எகிப்திலும் நாலு, தென்னாபிரிக்காவில் ஐந்து, வியட்நாம், லாவோஸ் பக்கம் ஆறு. ஏழாம் வகை கொங்கோவிலிருந்து புலம்பெயர்ந்தவரிடம் கனடாவில் அகப்பட்டது.

இந்த வரைபடத்தை வாசிப்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. ஓரிடத்தில் ஒரே வகையின் உபவகைகள் ஏராளமாக, ஒன்றோடு ஒன்று ஒவ்வாமல், ஊருக்கு ஊர் வேறுபட்டு இருந்தால் அந்த வைரஸ் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் குடியிருக்கிறது என்று அர்த்தம். அதுதான் அதன் பூர்வீகம். மாறாக, இலட்சக்கணக்கான பேரிடம் ஒரே உபவகை, அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் அது அண்மையில், வெகு வேகமாகப் பரவியது. ஒரு பேச்சுவழக்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் தீவுப்பகுதிக்கு ஒரு கதை, வடமராட்சிக்கு ஒரு கதை, தென்மராட்சிக்கு ஒரு கதை. கனடாவில் பிறந்த எங்கட பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரித் தமிழ் கதைக்கிறார்கள்.

மேற்கு ஆபிரிக்காவின் இரண்டாம் வகை அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் கரீபியன் தீவான மார்ட்டினிக்கில் இருக்கிறது. அடிமைக் கப்பல்களில் சங்கிலியில் கட்டிக் கொண்டுபோகப்பட்டவர்களின் இரத்தத்தோடு அது போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தென்னாபிரிக்காவின் ஐந்தாம் வகை பிரான்சின் நடுப்பகுதியில் புய்-த-டோம் மாவட்டத்திலும், பெல்ஜியத்தின் மேற்கு பிளாண்டர்சிலும் சிறு திட்டுக்களாக இருக்கிறது. ஆபிரிக்காவுக்கே போகாத வெள்ளைக்காரக் கிழவன் கிழவிகளிடம்! பாரிசில் இருக்கிற எங்கட சனம், "அகதிகள் நோய் கொண்டுவருகிறார்கள்" என்று யாராவது கதைத்தால் புய்-த-டோமை ஞாபகப்படுத்தலாம்.

சரி, எகிப்துக்கு வருவம்.

தொண்ணூறுகளின் முடிவில் நான் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எங்களில் யார்தான் கழுவவில்லை! எனக்குப் பக்கத்தில் மரக்கறி வெட்டுபவர் ஓர் எகிப்தியர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை "ஹாஜி" என்பேன், அவர் என்னை "ஹபீபி" என்பார். மக்காவுக்குப் போனவரா என்று நான் கேட்டதில்லை, அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நைல் டெல்டாவில் பருத்தி விளைகிற ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவருக்குக் களைப்பு, சாப்பாட்டில் விருப்பமில்லை, கால் வீக்கம். சோதித்ததில் ஹெபடைட்டிஸ் சி, நாலாம் வகை, ஈரல் ஏற்கெனவே தழும்பேறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, "ஊசியால் போதைமருந்து ஏற்றியிருக்கிறீரா?" இல்லை என்றார். அதே கேள்வி மூன்று தரம், மூன்று வேறு ஆட்களிடமிருந்து. அடுத்த நாள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒரு சிகரெட்டும் பத்தாத ஆள், ஹபீபி. அவையள் நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கினம். எங்கட ஊரில் என்ர வயசுக்காரர் பாதிப்பேருக்கு இந்த வருத்தம். பாதி ஊரும் போதைமருந்து அடிச்சதோ?"

அரைகுறை மொழியில் சொன்னதை நான் இப்படித் தமிழாக்குகிறேன். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

விடை அவருடைய கிராமத்து வாய்க்காலில் இருந்து தொடங்குகிறது. பில்ஹார்சியா என்று ஒரு நோய். தண்ணீரில் வாழும் சின்ன நத்தைக்குள் வளர்கிற ஒரு புழுவின் குஞ்சு, வாய்க்காலில் இறங்கி நிற்கிறவனின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். நாளங்களுக்குள் சோடி சோடியாகக் குடியிருந்து முட்டை இடும். முட்டைகள் சலப்பையையும் குடலையும் ஈரலையும் கிழிக்கும். சிறுநீரில் இரத்தம் போகும். பழைய மம்மிகளின் சிறுநீரகத்திலேயே இந்த முட்டைகள் இருந்ததை 1910 இல் மார்க் ஆர்மண்ட் ரஃபர் காட்டினார். புழுவை முதன்முதலில் கண்டவர் கெய்ரோவில் வேலை பார்த்த தியோடர் பில்ஹார்ஸ் என்கிற ஜெர்மன் வைத்தியர், 1851 இல். பெயர் அவருடையது. சில கிராமங்களில் பொடியளுக்குச் சிறுநீரில் இரத்தம் போவது பெரியவனாகிற அடையாளம் என்று எண்ணுமளவுக்கு அது சாதாரணம்.

மம்மி காலத்து நோய் இருபதாம் நூற்றாண்டில் ஏன் கொள்ளைநோயானது? பருத்தி. முன்னர் நைல் வருடத்துக்கு ஒருமுறை பெருகும், வயலை நிரப்பும், வடியும். பிறகு நிலம் காயும், நத்தைகள் சாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முகமது அலியின் ஆட்சியில் தொடங்கி, பிறகு பிரித்தானியர் காலத்தில் வேகமெடுத்து, வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. 1902 இல் முதலாவது அஸ்வான் அணை முடிந்தது. லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி போனது. வாய்க்கால் வற்றாததால் நத்தையும் சாகவில்லை. 1930களில் ரொக்பெல்லர் நிறுவனத்துக்காக ஆராய்ந்த அலன் ஸ்கொட், எகிப்தின் சனத்தொகையில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இந்தப் புழு இருப்பதாகக் கணக்கிட்டார். பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸை ஹாஜி எப்போதும் முணுமுணுப்பார். டெல்டாவின் ஷர்க்கியா மாகாணத்துக் கிராமத்தில் பிறந்த அந்தப் பாடகரும் சிறுவயதில் வாய்க்காலில் பில்ஹார்சியா பிடித்து, வாழ்நாள் முழுக்க அதனோடு மல்லுக்கட்டி, 1977 இல் லண்டனில் 47 வயதில் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு இலட்சக்கணக்கான சனம் வந்தது.

மருந்து இருந்தது. சூடானின் கார்ட்டூம் நகரில் வேலை பார்த்த கிறிஸ்டோபர்சன் என்கிற ஆங்கில வைத்தியர், அந்திமனி என்கிற உலோகத்தின் உப்பை நாளத்துக்குள் ஏற்றினால் புழு சாகிறது என்று 1918 இல் எழுதினார். டார்ட்டார் எமெட்டிக் என்று பெயர். எமெட்டிக் என்றால் வாந்தி எடுக்கப் பண்ணுவது. தோலுக்குக் கீழே ஒழுகினால் சதை வெந்துவிடும், ஆகவே நாளத்தில்தான் போடவேண்டும். ஒரு தரம் போட்டால் போதாது. பன்னிரண்டு, பதினாறு என்று கிழமைக் கணக்கில் போடவேண்டும். 1920களிலேயே எகிப்தில் தொடங்கினார்கள். 1950களிலிருந்து 1980களின் ஆரம்பம் வரைக்கும் அரசாங்கம் அதைப் பெரிய இயக்கமாக நடத்தியது. 1964 இலிருந்து 1969 வரை மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 2,50,000 பேருக்கு, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையும் அந்த இயக்கத்துக்கு இருந்தது.

எல்லாம் கண்ணாடி ஊசிகள். எங்களுக்கும் தெரியும்தானே. எங்கள் ஊர் டிஸ்பென்சரியிலும் அப்போதிக்கரி ஐயா ஒரு தகரப் பெட்டியில் கண்ணாடி ஊசியையும் தடித்த ஊசிமுனைகளையும் போட்டுக் கொதிக்க வைப்பார். அந்தச் சத்தம் கேட்டாலே நாங்கள் அம்மாவின் சீலைக்குள் ஒளிவோம். எகிப்தில் வரிசை எங்கட டிஸ்பென்சரி வரிசை மாதிரி இருபது பேர் அல்ல. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் பிரையன் மெகிரெய்த் 1960களில் இப்படியான ஒரு முகாமைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரு வைத்தியர் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆண், பெண், பிள்ளைகள் என்று 500 பேருக்கு மேல் ஊசி ஏற்றி முடிக்கிறார். பாவித்த ஊசியை ஒரு தட்டில் போட, தாதி எடுத்துக் கழுவி ஓரிரு நிமிடம் கொதிக்கவைத்துத் திருப்பித் தருகிறார். மெகிரெய்த் இதை அந்த வைத்தியரின் கைத்திறமைக்கு உதாரணமாக, பாராட்டாகத்தான் எழுதினார். நானும் வாசித்தபோது முதலில் பிரமித்தேன், பிறகுதான் அந்த ஓரிரு நிமிடம் கண்ணில் பட்டது.

ஹாஜி பள்ளிக்கூட முற்றத்தில் வரிசையில் நின்றது ஞாபகம் என்றார். ஊசி போட்டதும் இருமல் வரும், பிறகு வாந்தி. மதிலேறிக் குதித்து ஓடின பொடியளைப் பிடித்துவர ஓர் ஆள் நியமித்திருந்தார்களாம். "நான் ஓடேல்லை. நல்ல பிள்ளை. பன்னிரண்டும் போட்டனான்" என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரித்தாரா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை.

1980களில் பிராசிகுவான்டெல் என்கிற மாத்திரை வந்தது, வாயால் விழுங்கலாம், ஊசி இயக்கம் முடிந்தது. பில்ஹார்சியா குறைந்தது. அதில் சந்தேகமில்லை. பல ஆயிரம் பேர் சலப்பைப் புற்றுநோயிலிருந்து தப்பியிருப்பார்கள். ஆனால் 1990களின் ஆரம்பத்தில் சி வைரஸுக்கான பரிசோதனை எகிப்துக்கு வந்தபோது, இரத்ததானம் செய்ய வந்த சுகதேகிகளிலேயே பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் வைரஸின் சுவடு இருந்தது. மேற்கு நாடுகளில் இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 2008 இல் நாடளாவிய கணக்கெடுப்பு, 15 இலிருந்து 59 வயதுக்குட்பட்டவர்களில் 14.7 சதவீதம் பேருக்குத் தொற்றின் அடையாளம் என்றது. ஐம்பதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல். உலகத்திலேயே ஆக உயர்ந்த எண்ணிக்கை.

காரணத்தைக் கட்டிக் காட்டியவர்கள் கிறிஸ்டினா ஃபிராங்க், முஸ்தபா முகமது, தோமஸ் ஸ்ட்ரிக்லண்ட் முதலானோர். 2000 ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்தது. எகிப்தின் எந்தப் பகுதியில், எந்த வயதுக்காரருக்கு எவ்வளவு அந்திமனி ஊசி போடப்பட்டது என்ற பழைய அரசாங்கக் கணக்குகளைத் தோண்டியெடுத்து, இன்றைய தொற்றின் வரைபடத்தோடு பக்கத்தில் வைத்தார்கள். ஊசி கூடப் போட்ட டெல்டாவில் தொற்றும் கூட, குறையப் போட்ட கெய்ரோவிலும் அலெக்சாந்திரியாவிலும் தொற்றும் குறைவு. வைத்தியத்தாலேயே பரவிய இரத்தவழித் தொற்றுக்களில் உலகத்தில் இதுவரை அறியப்பட்டதில் இதுவே ஆகப் பெரியது என்று எழுதினார்கள்.

மூன்று வருடம் கழித்து ஆலிவர் பைபஸ் தலைமையிலான குழு வைரஸின் மரபணுவையே சாட்சிக்கூண்டில் ஏற்றியது. வைரஸ் பெருகும்போது எழுத்துப்பிழை விட்டுக்கொண்டே பெருகும், அந்தப் பிழைகள் ஓரளவு சீரான வேகத்தில் சேர்கின்றன. ஆகவே இரண்டு நோயாளிகளின் வைரஸில் உள்ள வித்தியாசத்தை எண்ணினால், இருவருக்கும் பொதுவான மூதாதை வைரஸ் எப்போது இருந்தது என்று மணிக்கூடு மாதிரிக் கணக்கிடலாம். எகிப்தின் நாலாம் வகை ஏ-க்கு அப்படிக் கணக்கிட்டபோது, அது திடீரென்று பெருகத் தொடங்கிய காலம் 1930களுக்கும் 1950களுக்கும் இடையில் என்று வந்தது. சரியாக அந்திமனி ஊசி பரவலான காலம். மத்திய ஆபிரிக்காவில் நாலாம் வகைக்கு உபவகைகள் ஏராளம். எகிப்தில் பெரும்பாலும் ஒரே ஏ. மேலே சொன்ன சூத்திரம்தான்.

யப்பானிலும் இதே கதையின் சின்னப் பதிப்பு உண்டு. அங்கேயும் ஒருவகைப் பில்ஹார்சியா இருந்தது, அங்கேயும் அந்திமனியை நாளத்தில் ஏற்றினார்கள். அங்கே முதலாம் வகை பி, எகிப்தில் நாலாம் வகை ஏ. ஊசிக்கு எந்த வகை முதலில் அகப்பட்டதோ அது அந்த ஊரின் வகையாகிவிட்டது. ஈரல் புற்றுநோய் அமெரிக்காவைவிட யப்பானில் பல பத்தாண்டுகள் முந்திப் பெருகியதற்குக் காரணம், தொற்று அங்கே முந்திப் பரவியதுதான் என்று மரபணு மணிக்கூடு சொல்கிறது.

"அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. சி வைரஸ் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் ஊசியால் செங்கண்மாரி பரவும் என்பது தெரியும். 1942 இல் அமெரிக்கப் படையினருக்குப் போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியால் ஏறக்குறைய 50,000 பேர் செங்கண்மாரியோடு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். 1945 இல் பிரித்தானிய வைத்தியர்கள் ஊசிகளைச் சரியாகச் சுத்தப்படுத்தாததால் செங்கண்மாரி பரவுவதைப் பற்றி லான்செட்டிலேயே எழுதினார்கள். படையினருக்கும் லண்டன் நோயாளிகளுக்கும் பொருந்திய எச்சரிக்கை டெல்டாக் கிராமங்களுக்குப் போய்ச்சேர இன்னும் நாற்பது வருடம் ஆனது. வரிசையில் நின்ற வைத்தியர்களையும் தாதிகளையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். எண்ணிக்கையைக் கேட்டவர்களைப் பற்றித்தான் என் கேள்வி. இத்தனை ஊசி போட்டோம் என்று அறிக்கை எழுதினவர்கள், எத்தனை நிமிடம் கொதிக்கவைத்தோம் என்று எழுதவில்லை.

ஹாஜிக்கு 2000களின் நடுவில் இன்டர்பெரோன் வைத்தியம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இந்த வகை எண் என்பது தீர்ப்பு மாதிரி. இரண்டு, மூன்று வகை என்றால் 24 கிழமை, பத்துப் பேரில் எட்டுப் பேர்வரை சுகம். முதலாம் வகை என்றால் 48 கிழமை, பாதிப்பேருக்குத்தான் சுகம். நாலாம் வகைக்கும் 48 கிழமை, ஆனால் மருந்துப் பரிசோதனைகளில் நாலாம் வகைக்காரர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கிழமைக்கொரு ஊசி. காய்ச்சல், தலைமயிர் உதிர்வு, மனச்சோர்வு. ஊசியால் வந்ததை ஊசியால் எடுக்கிறார்கள் என்று பகிடி விட்டார். எடுபடவில்லை. 2011 இல் டெலாப்பிரெவிர், போசெப்பிரெவிர் என்று இரண்டு புது மாத்திரைகள் பெரிய விளம்பரத்தோடு வந்தன. இரண்டும் முதலாம் வகைக்கு மட்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற வைரஸுக்கு மருந்து முதலில் வரும், நைல் கரை வைரஸ் காத்திருக்க வேண்டும். மருந்துக் கம்பனிக்கும் ஒரு உலக வரைபடம் உண்டு.

காத்திருப்பு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோபோஸ்புவிர் எந்த வகையென்று அதிகம் பார்க்காது. வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும் இயந்திரத்தையே அது அடைத்துவிடும், அந்த இயந்திரம் எல்லா வகையிலும் ஏறக்குறைய ஒன்று. இந்த மருந்து பிறந்தது ஃபார்மசெட் என்கிற சின்ன நிறுவனத்தில். உருவாக்கிய வேதியியலாளர் மைக்கல் சோஃபியா, அவர் பெயரைத்தான் மருந்துக்கும் வைத்தார்கள். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ரேமண்ட் ஷினாசி. 1950 இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாசர் காலத்தில் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக நேர்ந்து, இத்தாலியில் அகதி முகாமில் இருந்தவர். பிறகு இங்கிலாந்தில் படித்து அமெரிக்கா போனார். எகிப்து வெளியேற்றிய குடும்பத்துப் பையன் எகிப்தின் நோய்க்கு மருந்து வந்ததில் பங்காளி. இதை எழுதும்போது எனக்குள் வருகிற சந்தோசத்தை மறைக்கப் போவதில்லை, அகதி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்களுக்காகவே எழுதுகிறேன்.

விலை? ஃபார்மசெட்டை 11 பில்லியன் டொலருக்கு வாங்கிய கிலியட் நிறுவனம் அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்கு 1000 டொலர், 12 கிழமைக்கு 84,000 டொலர் என்று விலை வைத்தது. ஐரோப்பாவில் எங்களை மாதிரி ஆட்களுக்கு "ஈரல் இன்னும் கொஞ்சம் கெடட்டும், பிறகு தருகிறோம்" என்று வரிசை போட்டார்கள். எகிப்து பேரம் பேசியது. நைல் கரை வியாபாரிகளிடம் போனவர்களுக்கு அது ஆச்சரியமில்லை. வாஹித் தோஸ் என்ற ஈரல் நிபுணர் தலைமையிலான தேசியக் குழு 2014 இல் மாதத்துக்கு 300 டொலர், முழு வைத்தியத்துக்கும் 900 டொலர் என்று முடித்தது. காப்புரிமையும் அங்கே கொடுக்கப்படவில்லை. உள்ளூர்க் கம்பனிகள் அதே மருந்தைச் செய்யத் தொடங்கின, சில வருடத்துக்குள் முழு வைத்தியமும் நூறு டொலருக்குக் கீழே வந்தது. ஹாஜி ஓய்வூதியம் எடுத்தபிறகு ஊருக்குப் போய், பன்னிரண்டு கிழமை அங்கேயே நின்று, மாத்திரை விழுங்கிவிட்டு வந்தார். வைரஸ் இல்லை. ஈரல் தழும்பு இருக்கிறது, அது போகாது, ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் செய்கிறார்.

2018 ஒக்டோபரிலிருந்து 2019 ஏப்ரல் வரை எகிப்து இன்னொரு இயக்கம் நடத்தியது. திரும்பவும் முகாம்கள், திரும்பவும் வரிசை. இந்தமுறை விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தம், ஆளுக்கொரு புது ஊசிமுனை. ஏழு மாதத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேரைச் சோதித்தார்கள். 22 இலட்சம் பேருக்குத் தொற்றின் அடையாளம் இருந்தது. வைரஸ் உள்ளவர்களுக்கு மருந்து இலவசம், வைத்தியத்தின் முடிவு பதிவானவர்களில் 98 சதவீதத்துக்கு மேல் சுகம். பிறகு 2019 இல் அங்கே தங்கியிருக்கும் அகதிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 2023 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், ஹெபடைட்டிஸ் சி ஒழிப்புப் பாதையில் தங்கத் தரத்தை அடைந்த முதல் நாடு என்று எகிப்தை அறிவித்தது. அந்த ஆட்சியைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு, சிறையில் இருக்கிறவர்களைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் இந்த வேலையைச் செய்தார்கள், அதை மறுக்க முடியாது.

எங்கட பக்கத்துக் கணக்கையும் கேட்பீர்கள். இலங்கையில் பில்ஹார்சியா இல்லை, கூட்டம் கூட்டமாக நாளத்தில் ஊசி ஏற்றுகிற தேவையும் வரவில்லை. சி வைரஸ் அங்கே மிகக் குறைவு. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த நோயாளிகளை வகைப்படுத்தியபோது, மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட மூன்றாம் வகை, காற்பங்கு முதலாம் வகை, மிச்சத்தில் கொஞ்சம் நாலும் ஆறும் இருந்தன. நிலைமை மோசமாக இருப்பது பாகிஸ்தானில். 88 இலட்சம் பேருக்கு வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை சொல்கிறது, இப்போது எகிப்தின் பழைய இடம் அவர்களுக்கு. பெரும்பாலும் மூன்றாம் வகை ஏ. அங்கே ஓர் அரசாங்க இயக்கமும் காரணமில்லை. தடிமன் காய்ச்சலுக்கும் ஊசி போட்டால்தான் சுகம் என்று சனம் நம்புகிறது, பாவித்த ஊசியைத் திருப்பிப் போடுகிற தெருமுனை வைத்தியர்கள் இருக்கிறார்கள். 2019 இல் சிந்து மாகாணத்தின் ரத்தோதேரோவில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்ஐவி தொற்றியதும் இதே வழியில்தான். ஊசி போடாத டொக்டரை டொக்டரென்றே மதிக்காத அம்மம்மாக்கள் எங்களிடமும் இருந்தார்கள்.

இப்போதைய மாத்திரைகள் எல்லா வகைக்கும் வேலை செய்வதால் பல நாடுகளில் வகை பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். செலவு மிச்சம், நோயாளிக்கு நல்லது. வரைபடம் எழுதுகிறவர்களுக்குத்தான் நட்டம். ஆனாலும் 2018 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், எந்த வகையிலும் சேராத வைரஸ் நாலு நோயாளிகளிடம் அகப்பட்டது. அதற்கு எட்டாம் வகை என்று பெயர் வைத்தார்கள். நாலு பேருக்கும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லை. நாலு பேரும் இந்தியப் பஞ்சாபிலிருந்து போனவர்கள். அங்கே அது எத்தனை காலமாக இருக்கிறது, எந்த வரிசையில் நின்று வாங்கினார்கள் என்று இனித்தான் யாராவது தேடவேண்டும்.